அல்காரிதம்னா என்ன? 'இஃப் – எல்ஸ்' எப்படி வேலை செய்யுது? ஆலன் டூரிங் வாழ்க்கை வழியாக ஓர் எளிய விளக்கம்

இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் ரகசிய வேலை பார்த்துவந்த ஓர் இளம் கணித அறிஞரிடம் ஓட்டை சைக்கிள் ஒன்று இருந்தது. ஓட்டிக்கொண்டே போகும்போது செயின் கழன்று விழுந்துவிடும். நாமாக இருந்தால் நேராக சைக்கிள் கடைக்குப் போவோம். அவர் போகவில்லை. பெடல் எத்தனை சுற்று சுற்றியபிறகு செயின் கழல்கிறது என்று எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட சுற்றுகள் ஆனபிறகுதான் கழல்கிறது என்று தெரிந்தது. அதன்பிறகு மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஓட்டுவார். அந்த எண் நெருங்கும்போது செயினைச் சரிசெய்து காப்பாற்றிக்கொள்வார். மறுபடியும் பூஜ்ஜியத்தில் இருந்து எண்ணுவார்.

உடன் வேலை பார்த்தவர்கள் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது. ஆனால் இன்று புரோகிராமிங் வகுப்பில் முதல் வாரம் சொல்லித்தருவதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய். ஒவ்வொரு முறையும் ஒரு நிபந்தனையைச் சோதித்துப் பார். நிபந்தனை பொருந்தினால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய். திரும்பச் செய்வதற்குப் பெயர் லூப். நிபந்தனைக்குப் பெயர் கண்டிஷன். இவற்றை வரிசையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி வைத்தால் அதுதான் அல்காரிதம்.

அந்த சைக்கிள்காரர் ஆலன் டூரிங். 41 ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்தவர்.

போத்தனூரில் பிறந்த அம்மா

டூரிங் பிறந்தது 1912 ஜூன் 23 அன்று லண்டனில். ஆனால் குடும்பத்தின் வேர் நம்ம ஊர்ப் பக்கமும் நீள்கிறது. அப்பா ஜூலியஸ் டூரிங், அன்றைய சென்னை மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி. அம்மா எத்தல் சாரா பிறந்தது கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில். தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர்.

அப்பாவுக்கு இந்தியாவில் வேலை. பிள்ளைகளை இங்கே வளர்க்க விரும்பாமல், ஆலனையும் அண்ணன் ஜானையும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்திடம் விட்டுவிட்டார்கள். பெற்றோர் வருவதும் போவதுமாகவே சின்ன வயசு கழிந்தது.

1926-ல் ஷெர்போர்ன் என்ற உறைவிடப் பள்ளியில் சேர வேண்டிய நாளில் நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. 13 வயதுப் பையன் சுமார் 100 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். ரயில் இருந்தால் ரயில், இல்லையென்றால் சைக்கிள்!

அந்தப் பள்ளியில் கிடைத்த நெருங்கிய நண்பன் கிறிஸ்டோபர் மார்கம். இரண்டு பேருக்கும் அறிவியல் என்றால் உயிர். 1930 பிப்ரவரியில் காசநோயால் கிறிஸ்டோபர் இறந்துபோனான். நோய்த்தொற்றுள்ள பசும்பாலால் வந்த நோய் அது. மனித மனம் என்பது உடலோடு முடிந்துவிடுகிறதா, மூளைக்குள் நடப்பது என்ன என்ற கேள்விகள் டூரிங்கைப் பிடித்துக்கொண்டது அப்போதுதான். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். 22 வயதில் அதே கல்லூரியின் ஃபெலோ ஆனார்.

புல்வெளியில் உதித்த மெஷின்

1935-ல் மேக்ஸ் நியூமன் என்ற பேராசிரியரின் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. ஜெர்மன் கணித மேதை டேவிட் ஹில்பர்ட் எழுப்பிய கேள்வி. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அதை நிரூபிக்க முடியுமா முடியாதா என்று இயந்திரத்தனமாக, படிப்படியாகச் சொல்லிவிடும் ஒரு பொதுவான வழிமுறை இருக்கிறதா?

இதில் 'இயந்திரத்தனமாக' என்றால் என்ன? எல்லாரும் அந்த வார்த்தையைத் தாண்டிப் போனார்கள். டூரிங் அங்கேயே நின்றுவிட்டார். கிரான்ட்செஸ்டர் புல்வெளியில் படுத்திருந்தபோது யோசனை வந்ததாக பின்னாளில் நண்பர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்பது மெஷினின் பெயர் அல்ல, ஆளின் பெயர். உட்கார்ந்து கணக்குப் போடுவதையே வேலையாகச் செய்பவர். அப்படி ஒருவர் பென்சிலும் கட்டம் போட்ட பேப்பரும் வைத்துக்கொண்டு கணக்குப் போடும்போது உண்மையில் என்னதான் செய்கிறார் என்று டூரிங் பிரித்துப் பார்த்தார். ஒரு கட்டத்தைப் பார்க்கிறார். அதில் என்ன இருக்கிறது என்பதையும், தன் மனம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பொறுத்து ஏதோ எழுதுகிறார் அல்லது அழிக்கிறார். பக்கத்துக் கட்டத்துக்கு நகர்கிறார். அவ்வளவுதான்! எவ்வளவு பெரிய கணக்காக இருந்தாலும் உள்ளே நடப்பது இந்தச் சின்னச் சின்ன அசைவுகள்தான்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். நீளமான பேப்பர் நாடா ஒன்று. அதில் கட்டங்கள். சில கட்டங்களில் வரிசையாக ஒவ்வொரு கோடு போட்டிருக்கிறது. கோடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று கண்டுபிடிக்க வேண்டும். நிபந்தனை என்னவென்றால், மெஷினுக்கு எண்ணத் தெரியாது. அதற்கு இரண்டே மனநிலைதான். ஒன்று 'இரட்டை', இன்னொன்று 'ஒற்றை'. ஆரம்பத்தில் 'இரட்டை' மனநிலையில் இருக்கும். விதிகள் இவை:

மனநிலை 'இரட்டை'யாக இருந்து கட்டத்தில் கோடு இருந்தால், 'ஒற்றை'க்கு மாறி வலது பக்கம் நகரு.
மனநிலை 'ஒற்றை'யாக இருந்து கட்டத்தில் கோடு இருந்தால், 'இரட்டை'க்கு மாறி வலது பக்கம் நகரு.
எந்த மனநிலையாக இருந்தாலும் கட்டம் காலியாக இருந்தால், நின்றுவிடு. அப்போதுள்ள மனநிலைதான் விடை.

மூன்று கோடு போட்டு நீங்களே விரல் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒற்றை, இரட்டை, ஒற்றை, நில். விடை சரி. முப்பது லட்சம் கோடு இருந்தாலும் இதே விதிகள் போதும். எண்ணவே தெரியாத ஒன்று சரியான விடையைத் தருகிறது. இதுதான் அல்காரிதத்தின் விசேஷம். செய்கிறவருக்குப் புரிய வேண்டியதில்லை, விதி சரியாக இருந்தால் போதும். புதுசா கோடிங் படிக்கிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். கம்ப்யூட்டருக்கு 'புரிஞ்சிருக்கும்' என்று நினைத்து ஒரு நிபந்தனையை எழுதாமல் விட்டுவிடுவார்கள். மேலே மூன்றாவது விதியை மட்டும் விட்டுப் பாருங்கள். கோடு முடிந்ததும் மெஷின் என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கும்.

இதற்கு மேல்தான் டூரிங் பெரிய தாவல் தாவினார். இரட்டை – ஒற்றை பார்க்க ஒரு மெஷின், கூட்ட ஒரு மெஷின், பெருக்க ஒரு மெஷின் என்று தனித்தனியாக எதற்கு? விதிப்பட்டியலையே நாடாவில் எழுதிக் கொடுத்துவிட்டால், அதைப் படித்து அதன்படி நடக்கும் ஒரே ஒரு பொது மெஷின் போதுமே! உங்கள் கையில் இருக்கும் போன் காலையில் கேமரா, மதியம் கால்குலேட்டர், ராத்திரி டிவி. மெஷின் ஒன்றுதான், மாறுவது விதிப்பட்டியல். அதை இன்று ஆப் என்கிறோம். 1936-ல் இதைக் கட்டுரையாக அனுப்பியபோது டூரிங்குக்கு வயது 23. அப்போது உலகத்தில் எங்கேயும் அப்படி ஒரு கம்ப்யூட்டர் கிடையாது.

ஜோசியர் தோற்ற கதை

சரி, ஹில்பர்ட் கேட்ட கேள்விக்கு விடை என்ன? அப்படி ஒரு பொது வழிமுறை இல்லை என்பதுதான். அமெரிக்காவின் அலோன்சோ சர்ச் வேறு வழியில் இதே முடிவுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துவிட்டார். டூரிங் பிறகு அவரிடமே பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி செய்து 1938-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனாலும் டூரிங்கின் வழிதான் மெஷினைக் கண்முன் நிறுத்தியது.

அவருடைய வாதத்தின் எளிய வடிவம் இன்று எல்லாக் கம்ப்யூட்டர் பாடங்களிலும் இருக்கிறது. ஒரு புரோகிராமை ஓடவிட்டால் அது எப்போதாவது முடிந்து நிற்குமா, இல்லை லூப்பில் மாட்டி சுத்திக்கிட்டே இருக்குமா? ஓட்டிப் பார்க்காமலே இதைச் சரியாகச் சொல்லும் ஒரு 'ஜோசியர்' புரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் சொல்லிவிடுவார்.

இப்போது 'வம்பன்' என்று ஒரு புரோகிராம் எழுதுகிறோம். அது முதலில் ஜோசியரிடம் போய்த் தன்னைப் பற்றியே கேட்கும். நீ நின்றுவிடுவாய் என்று அவர் சொன்னால், வம்பன் நிற்காமல் சுற்றும். நீ சுற்றிக்கொண்டே இருப்பாய் என்று சொன்னால், உடனே நின்றுவிடும். ஆக ஜோசியர் என்ன சொன்னாலும் பொய்யாகிவிடும். ஒரே ஒரு இஃப் – எல்ஸ் போதும், ஜோசியர் காலி. அப்படி ஒரு ஜோசியரே இருக்க முடியாது.

கம்ப்யூட்டரால் என்னவெல்லாம் முடியும் என்று சொன்ன அதே கட்டுரை, எது எந்தக் காலத்திலும் முடியாது என்பதையும் சொல்லிவிட்டது. எவ்வளவு வேகமான சிப் வந்தாலும் இந்த எல்லை மாறாது.

பொருந்தாவிட்டால் தள்ளிவிடு

1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. மறுநாளே டூரிங் பிளெட்ச்லி பார்க்கில் ஆஜர். ஜெர்மன் ராணுவம் எனிக்மா என்ற மெஷினால் தன் செய்திகளைப் புரியாத எழுத்துக் குவியலாக மாற்றி வானொலியில் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மெஷினை எத்தனை விதமாக அமைக்கலாம் தெரியுமா? 159 என்று எழுதி அதற்குப் பக்கத்தில் 18 பூஜ்ஜியம் போட்டால் கிடைக்கிற அளவுக்கு. அதுவும் தினமும் மாறும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனிக்மாவை முதலில் உடைத்தது டூரிங் அல்ல. மரியன் ரெயெவ்ஸ்கி உள்ளிட்ட போலந்து கணித அறிஞர்கள் 1930-களிலேயே அதைச் சாதித்து, 1939 ஜூலையில் தங்கள் ரகசியங்களை பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் கொடுத்தார்கள். சினிமாக்களில் இது சட்டென்று கடந்துபோய்விடும்.

ஜெர்மானியர்கள் மெஷினைச் சிக்கலாக்கியபோது போலந்து முறை போதவில்லை. டூரிங் வேறு வழி பிடித்தார். எனிக்மாவுக்கு ஒரு பலவீனம் உண்டு. எந்த எழுத்தும் தானாகவே மாறாது. அதாவது 'அ' என்று தட்டினால் வேறு எந்த எழுத்து வேண்டுமானாலும் வரும், 'அ' மட்டும் வராது. இன்னொரு பக்கம், ராணுவச் செய்திகளில் சில வார்த்தைகள் தினமும் வரும். வானிலை அறிக்கையில் வானிலை என்ற வார்த்தை வராமலா போகும்?

அப்படி ஊகித்த வார்த்தையை ரகசியச் செய்திக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்கள். மேலேயும் கீழேயும் எங்காவது ஒரே எழுத்து வந்தால் அந்த இடம் தவறு, ஒரு எழுத்து தள்ளி வை. வரவில்லை என்றால் அந்த இடத்தை வைத்துக்கொள். இதுவும் இஃப் – எல்ஸ்தான், மனிதர்கள் பேப்பரில் ஓட்டியது.

அடுத்த கட்டத்துக்கு டூரிங் வடிவமைத்த மெஷினின் பெயர் 'பாம்'. வெடிகுண்டு இல்லை, போலந்துக்காரர்களின் மெஷின் பெயரை ஒட்டி வந்த பெயர். எனிக்மாவின் உருளைகளை 60 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொரு வரிசைக்கும் 17,576 நிலைகள். மொத்தம் சுமார் பத்தரை லட்சம். அந்த 18 பூஜ்ஜியத்துக்குப் பெரிய காரணம் முன்பக்கத்தில் இருந்த வயர் இணைப்புப் பலகைதான். அதை ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தால் ஆயுசு போதாது.

டூரிங் அதை முரண்பாட்டை வைத்துத் தாண்டினார். இந்த எழுத்து அந்த எழுத்தோடு இணைந்திருக்கிறது என்று ஒரு ஊகத்தில் தொடங்கு. அதிலிருந்து என்னென்ன முடிவுகள் வருகின்றன என்று மின்சாரமே ஓடிக் காட்டும். ஒரே எழுத்து இரண்டு வேறு எழுத்துகளோடு இணைந்திருக்க வேண்டும் என்று வந்துவிட்டால் அந்த ஊகம் பொய். எல்லா ஊகமும் பொய்யானால் உருளை நிலையே தவறு, அடுத்த நிலைக்குப் போ. முரண்பாடு வரவில்லையென்றால் நில், மனிதர்கள் வந்து சோதிக்கட்டும். சரியான விடையைத் தேடுவதைவிட தவறானதை வேகமாகத் தள்ளுவது லாபம் என்ற இந்த உத்தி இன்றும் புரோகிராமர்களின் கைவசம் இருக்கிறது.

முதல் பாம் மெஷின் 1940 மார்ச்சில் வந்தது. கார்டன் வெல்ச்மன் சேர்த்த ஒரு மாற்றத்தால் அதன் வேகம் பல மடங்கு கூடியது. போர் முடிவதற்குள் 200-க்கும் மேற்பட்ட மெஷின்கள் ஓடின. பெரும்பாலும் கடற்படைப் பெண்கள்தான் அவற்றை இயக்கினார்கள். அட்லான்டிக்கில் உணவும் எண்ணெயும் கொண்டுவந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கடற்படை எனிக்மாவைக் கவனித்த 'ஹட் 8' பிரிவுக்கு டூரிங்தான் தலைவர். 1941-ல் ஆள் பற்றாக்குறையால் வேலை தேங்கியபோது, அவரும் மூன்று சகாக்களும் மேலதிகாரிகளைத் தாண்டி நேராக பிரதமர் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினார்கள். உடனே ஆள் வந்தது.

புதைத்த வெள்ளி என்ன ஆச்சு?

பெரிய மூளைக்காரர் சின்ன விஷயத்தில் சறுக்கியதும் உண்டு. ஜெர்மனி படையெடுத்து வந்துவிட்டால் பணம் செல்லாமல் போகும் என்று பயந்து, 1940-ல் சேமிப்பை இரண்டு வெள்ளிக் கட்டிகளாக மாற்றி பிளெட்ச்லி பக்கம் புதைத்துவைத்தார். திரும்ப எடுப்பதற்கான குறிப்புகளையும் ரகசியக் குறியீட்டில் எழுதிக்கொண்டார். போர் முடிந்து தேடிப் போனால் அந்த இடத்தின் தோற்றமே மாறியிருந்தது. மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. குறிப்பில் தப்பில்லை, குறிப்பு நம்பியிருந்த அடையாளங்கள்தான் மாறிவிட்டன. நேற்றுவரை ஓடிய ஆப் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று ஓடாமல் போவதும் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

கம்ப்யூட்டரே இல்லாமல் ஒரு செஸ் புரோகிராம்

போர் முடிந்ததும் லண்டன் அருகே தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து, நிஜமான கம்ப்யூட்டர் ஒன்றுக்கு முழு வடிவமைப்பு எழுதினார். அடிக்கடி தேவைப்படும் வேலையைத் தனிச் சிறு புரோகிராமாக எழுதிவைத்து வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளும் வழி அதில் இருந்தது. இன்று ஃபங்ஷன் என்கிறோமே, அதுதான். வேலை இழுத்துக்கொண்டே போனதில் சலித்துப்போய் 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இடையில் மாரத்தான் ஓட்டத்திலும் வெறியாக இறங்கி, 1947-ல் 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரைவிட 11 நிமிடம்தான் அதிகம்.

1949-ல் கேம்பிரிட்ஜில் அவர் படித்த ஒரு சிறு கட்டுரை, புரோகிராம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் பற்றியது. பெரிய கூட்டல் கணக்கில் ஒவ்வொரு வரிசைக்கும் மிச்சம் எவ்வளவு என்று எழுதி வைத்தால், சரிபார்ப்பவர் ஒவ்வொரு வரிசையாகத் தனித்தனியே பார்க்கலாம். அதேபோல புரோகிராமின் ஒவ்வொரு இடத்திலும் 'இந்த நேரத்தில் இது உண்மையாக இருக்க வேண்டும்' என்று எழுதி வையுங்கள் என்றார். கோடிங் கத்துக்கிறவர்கள் முதல் நாளிலேயே பழகிக்கொள்ள வேண்டிய விஷயம்.

அதே காலத்தில் நண்பர் டேவிட் சாம்பர்னௌனுடன் சேர்ந்து செஸ் ஆடும் புரோகிராம் ஒன்றை எழுதினார். சிப்பாய்க்கு 1 மதிப்பெண், குதிரைக்கு 3, பிஷப்புக்கு மூன்றரை, யானைக்கு 5, ராணிக்கு 10. இந்த நகர்வு செய்தால் எதிராளி என்ன செய்வார், அப்போது கணக்கு எவ்வளவு என்று பார்த்து நல்ல நகர்வைத் தேர்ந்தெடுக்கும் விதிகள். அதை ஓட்ட அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் என்ன? 1952-ல் டூரிங்கே பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து கம்ப்யூட்டராக நடித்தார். எதிரில் அலிக் கிளெனி என்ற கம்ப்யூட்டர் அறிஞர். ஒரு நகர்வைக் கணக்கிட சுமார் அரை மணி நேரம் ஆனது. தன் கண்ணுக்கு நல்ல நகர்வு தெரிந்தாலும் விதி சொன்னதைத்தான் ஆட வேண்டும். 29 நகர்வுகளில் புரோகிராம் தோற்றது.

சட்டம் கேட்காத கேள்வி

1952 ஜனவரியில் டூரிங் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணையில், திருடனைத் தெரிந்த ஓர் இளைஞருடன் தனக்கு உறவு இருந்ததை மறைக்காமல் சொன்னார். திருட்டு வழக்கு அவர்மேல் வழக்காகத் திரும்பியது. பிரிட்டனில் ஆண்களுக்கிடையிலான உறவு அப்போது குற்றம். 1895-ல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைச் சிறைக்கு அனுப்பிய அதே 1885-ம் ஆண்டுச் சட்டம். இருவரும் விரும்பித்தானே பழகினார்கள் என்ற கேள்வி அந்தச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது.

மார்ச் 31 அன்று தண்டனை. ஒன்று சிறை, இல்லையென்றால் ஓராண்டுக்குப் பெண் ஹார்மோன் சிகிச்சை. இரண்டாவதை ஏற்றுக்கொண்டார். உடம்பு மாறியது. போருக்குப் பிறகும் அரசின் ரகசியக் குறியீட்டு வேலைகளுக்கு ஆலோசனை சொல்லிவந்தவருக்கு அந்த அனுமதியும் ரத்தானது. எனிக்மா பற்றி வெளியே வாய் திறக்க முடியாது என்பதால், இவர் நாட்டுக்கு என்ன செய்தார் என்று நீதிமன்றத்தில் விரிவாகச் சொல்லவும் வழியில்லை.

1954 ஜூன் 7 அன்று வில்ம்ஸ்லோவில் உள்ள வீட்டில் டூரிங் இறந்தார். 42-வது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. சயனைடு நச்சுதான் காரணம் என்றும் தற்கொலை என்றும் விசாரணை முடிவு சொன்னது. வீட்டில் ரசாயனச் சோதனை செய்யும் பழக்கமுள்ள மகனுக்கு நேர்ந்தது விபத்துதான் என்று போத்தனூரில் பிறந்த அந்த அம்மா கடைசிவரை நம்பினார். பக்கத்தில் கிடந்த பாதி கடித்த ஆப்பிளைப் பற்றி ஏராளமான கதைகள் உண்டு. அந்த ஆப்பிளை யாரும் பரிசோதிக்கவே இல்லை.

பிளெட்ச்லியில் நடந்தது 1970-களில்தான் வெளியே வந்தது. அதற்கு முன்பே, 1966 முதல், கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த விருது டூரிங் பெயரில் வழங்கப்படுகிறது. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி 1994-ல் அதைப் பெற்றார். 2009-ல் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்பு கேட்டார். 2013 டிசம்பரில் அரச மன்னிப்பு கிடைத்தது. அதே சட்டத்தால் தண்டிக்கப்பட்ட மற்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு மன்னிப்பு கிடைக்க 2017 வரை ஆனது.

2021 ஜூன் 23, டூரிங்கின் பிறந்தநாளில், அவர் படத்துடன் புதிய 50 பவுண்டு நோட்டு புழக்கத்துக்கு வந்தது. முகத்துக்குப் பக்கத்தில் பாம் மெஷினின் வரைபடம் இருக்கிறது. 0, 1 மட்டும் கொண்டு எழுதிய அவரது பிறந்த தேதி இருக்கிறது. பின்னணியில், 1936 கட்டுரையிலிருந்து எடுத்த ஒரு விதி அட்டவணையும் இருக்கிறது.